இரண்டரை வருடத்துக்கு ஒரு வரி

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த எண்ணெய் மில்லில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரம் அது. அறுபதுகளின் ஆரம்பம். மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற நிலக்கடலை சீசன் என்பதால் மில் முற்றத்தில் வண்டிகள் நிற்க இடமில்லை. மூட்டை தூக்குகிறவர்களில் வயதான ஒருவர் கால் இடறி மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். மேஸ்திரி கையில் வைத்திருந்த இரும்புக் கொக்கியால் அவர் தோளில் ஓங்கி இறக்கினான். மூட்டையில் ஏறுகிற மாதிரியே கொக்கி சதையில் ஏறி நின்றது.

பக்கத்தில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த, நான் சொல்லவந்த இவர் அதைப் பார்த்தார். நிற்கவில்லை. தன் மூட்டையை அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மேஸ்திரியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தில் மூன்று முறை குத்தினார். முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன. பிறகு பெரியவரின் தோளிலிருந்து கொக்கியை உருவி, தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டு, ரத்தக் கையோடு நேராக ஆபீசுக்குள் வந்தார்.

மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார்.

"நான்தாங்க அடிச்சேன்" என்றார் இவர். "மூணு குத்து. ரெண்டே போதும். மூணாவது அதிகம்."

அவ்வளவுதான். மேஸ்திரி என்ன செய்தான் என்றுகூடச் சொல்லவில்லை. அதை மேனேஜர் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சீசன் நேரத்தில் ஆளைக் கழிக்க மனமில்லாமல் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்கள். மேஸ்திரி அதற்கப்புறம் கொக்கியைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: தான் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவார். கேட்பதற்கு நல்ல குணம் மாதிரித்தான் இருக்கிறது. அருகில் இருந்து பார்த்தவனுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நான் மெட்ராஸ் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் தட்டி, மேஜை ஓரத்தில் வைத்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், 'ரிசீவ்'ல எழுத்து இடம் மாறிக்கினு கீது" என்றார். அகராதியைப் பார்த்தேன். மாறித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோகோ ஷெட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் அவரைப் பார்க்கலாம். ரயில்வேயில் கலாசி வேலைக்கு, மில்லில் எடை போடுகிற வேலைக்கு, பள்ளிக்கூடத்தில் பியூன் வேலைக்கு என்று மனு எழுத ஆட்கள் வருவார்கள். ஒரு டீயோடு சரி, வேறு எதையும் வாங்கமாட்டார். தாளின் இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, நகத்தால் நீவி, மறுபடி விரிப்பார். அந்தக் கோட்டைத் தாண்டி ஓர் எழுத்து போகாது. பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம், படிப்பு, செய்த வேலை எல்லாம் தனித்தனி வரி. நடுவில் இடம். எதுவானாலும் ஒரே தாள்.

"படிக்கிறவரு முன்னாடி நாப்பது பேப்பர் இருக்கும். உன்னோடதுல அவரு தேடிக்கினு இருக்கக்கூடாது" என்பார்.

அந்தக் காலத்தில் எல்லா மனுவும் 'ஐ பெக்' என்றுதான் ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு பேர் அதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வருவார்கள். அவர் அதை அடித்துவிடுவார். "பிச்சையா கேக்கற? வேலை கேக்கற" என்பார். ஒரு பையனுடைய தகப்பனார், அது மரியாதைக்கு எழுதுவது, இருக்கட்டும் என்று வற்புறுத்தினார். தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, வேறு யாரிடமாவது எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிறு, வளவனூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன் வந்தான். கிடங்கில் இரண்டு மாதம் வேலை பார்த்திருந்தான். இரண்டு வருடம் என்று எழுதச் சொன்னான்.

"ரெண்டு மாசம்னு எழுதறேன்."

"ரெண்டு மாசம்னா எவன் எடுப்பான்? உனக்கு இன்னா நஷ்டம், எழுது" என்றான் அவன்.

இவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவன் பெஞ்சோடு சாய்ந்தான். மறுநாள் சாயங்காலம் அவனுடைய அண்ணன்கள் இரண்டு பேர் மில் வாசலில் சைக்கிள் சங்கிலியோடு நின்றார்கள். நாங்கள் ஓடி விலக்குவதற்குள் அவர் மண்டை பிளந்து, காதுக்குப் பின்னால் எலும்பு தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒன்பது தையல். போலீஸ்காரர் வந்து யார் அடித்தது என்று கேட்டதற்கு, "முதல்ல நான் அடிச்சேன். அதை முதல்ல எழுதிக்கோங்க" என்றார். போலீஸ்காரர் நோட்டை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு தலையில் கட்டோடு அதே பெஞ்சில் இருந்தார். அந்த இளைஞன் தயங்கித் தயங்கி வந்தான். இவர் ஒன்றும் கேட்காமல் தாளை மடித்தார். 'இரண்டு மாதம். தினம் முந்நூறு மூட்டைக்குக் குறையாமல் எண்ணி அடுக்கியது. கணக்கில் ஒரு மூட்டையும் குறையவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். உண்மையாகவே குறையவில்லையா என்று மட்டும் மூன்று முறை கேட்டார். அவனுக்கு லோகோ ஷெட்டில் வேலை கிடைத்தது.

அவர் சிறையில் இருந்தவர் என்று அவர்தான் என்னிடம் சொன்னார். மறைத்து வைத்துச் சொல்லவில்லை. எங்கே இப்படி எழுதப் பழகினாய் என்று கேட்டேன். "கடலூர் ஜெயில்ல" என்றார்.

விக்கிரவாண்டியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். இவருடைய தகப்பனார் சேரியிலிருந்து போய் ஒரு பெரிய பண்ணையில் ஆளாக இருந்தவர். இவரும் பண்ணைக்காரரின் மகனும் ஒரே வருடம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார்கள். இவர் தேறினார். அவன் தேறவில்லை. மல்லாட்டை பிடுங்குகிற நாளில் அந்த மகனும் கூட்டாளிகளும் வயலில் சருகைக் கூட்டி நெருப்பு மூட்டி, பச்சைக் காயைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். தபால் ஆபீஸ் வேலைக்கு மனுப் போடுவதற்காக, தேறியதற்கு அத்தாட்சியான எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இவர் அந்த வழியாக டவுனுக்குப் புறப்பட்டிருக்கிறார்.

"குடு, பார்த்துட்டுத் தர்றேன்னான். குடுத்தேன். பார்த்தான். நெருப்புல போட்டுட்டான்."

"நீ என்ன பண்ணினே?"

"அவன் வலது கையைப் பிடிச்சு அதே நெருப்புல வச்சேன். பத்து எண்ணுற வரைக்கும் வச்சிருந்தேன்."

டீக்கடையில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்.

"கோர்ட்டுல வக்கீலு, கை வழுக்கி விழுந்துடுச்சுன்னு சொல்லு, விட்டுருவாங்கன்னாரு. நான் பத்து எண்ணினேன்னு சொன்னேன். ரெண்டரை வருஷம்."

சிறை ஆபீசில் கைதிகளின் மனுக்களைப் படியெடுத்து எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கே இருந்துதான் தன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு நகல் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். அவர் தனக்காக எழுதிய முதல் மனு அது. வெளியே வந்தபோது தகப்பனார் இல்லை. ஊருக்குள் காலை வைக்கவும் முடியாது. மூட்டை தூக்குகிற வேலைக்கு மட்டும் முன்கதையை யாரும் கேட்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

எங்கள் மில்லுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை கொள்முதல் செய்ய ஒரு டிப்போ திறந்தார்கள். அதற்குக் குமாஸ்தா வேண்டும் என்றார்கள். நான் அவரிடம், "மனு கொடு, மேனேஜர் உன்னை எடுப்பார்" என்றேன். இரண்டு நாள் கழித்து ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். வருகிற மனுக்களையெல்லாம் பிரித்து, வரிசையாக வைத்து, மேனேஜர் முன்னால் வைப்பது என் வேலை.

பிரித்துப் படித்தேன். அவ்வளவு சுத்தமான மனுவை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. படிப்புக்கு அடுத்த வரி இது: 'ஒருவர் கையை நெருப்பில் வைத்ததற்காகக் கடலூர்ச் சிறையில் இரண்டரை வருடம். அங்கே நானூறு மனுக்கள் படியெடுத்தேன். பிழைக்காக ஒன்றும் திரும்பி வரவில்லை.'

அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்துவிடு என்றேன். "விவசாயம்னு போட்டுடு. யார் போய்ப் பார்க்கப் போறாங்க?"

அறை விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை.

"அந்த ரெண்டரை வருஷத்துலதான் சார் நான் உருப்படியா ஒரு வேலை பார்த்தேன்" என்றார். "இருக்கட்டும். படிக்கட்டும்."

அவர் போனபிறகு நான் தட்டெழுத்து இயந்திரத்தில் ஒரு தாளைச் செருகினேன். அவர் மனுவை வரிக்கு வரி அப்படியே தட்டினேன், அந்த ஒரு வரியைத் தவிர. அந்த இடத்தில், 'இரண்டரை வருடம், சொந்த ஊரில் விவசாயம்'. அடியில் அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். அவர் எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் மேஜை அறையில் அடியில் வைத்தேன்.

அவருக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. ஒருவருக்கு வாழ்வு கொடுத்தவன் என்று என்னை நானே நினைத்துக்கொள்ள ஆசை இருந்தது.

மேனேஜர் அவரைத்தான் எடுத்தார். திண்டிவனத்துக்குப் புறப்படுகிற அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மேனேஜர் எல்லாத்தையும் படிச்சிட்டும் எடுத்துக்கினாரு பாருங்க. பெரிய மனுசன் சார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

நான்கு மாதம் நன்றாகப் போயிற்று. ஐந்தாவது மாதம் பண்ணைக்காரரின் மகன் இருபது வண்டி மல்லாட்டையோடு திண்டிவனம் டிப்போவுக்கு வந்தான். வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்ததாம். மேஜைக்குப் பின்னால் இவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். ஜெயிலுக்குப் போனவனிடம் காயை அளக்கமாட்டேன் என்று கத்தினான்.

"ஆமா, போனவன்தான். மேனேஜருக்குத் தெரியும்" என்றாராம் இவர்.

மறுநாள் மேனேஜர் மனுவை எடுத்துக்கொண்டு காரில் போனார். டிப்போ முற்றத்தில் பண்ணைக்காரரின் மகனும் அவன் ஆட்களும் நின்றிருக்கிறார்கள். மேனேஜர் தாளை நீட்டி, "விவசாயம்னு எழுதியிருக்கியே, இதுதான் உன் யோக்கியதையா?" என்று கேட்டார். இவர் வாங்கிப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பொய் சொல்லிட்டு நாற்காலியில குந்திக்கினு கீறான்" என்றான் பண்ணைக்காரரின் மகன். அவன் ஆட்கள் வண்டிச் சாட்டையைத் திருப்பிப் பிடித்து, பிரம்புக் காம்பால் அடித்தார்கள். முதுகிலும் முகத்திலும் மாறி மாறி விழுந்திருக்கிறது. கை நீட்டினால் இரண்டு பேரையாவது சாய்க்கக்கூடிய மனிதர் கையைத் தொங்கவிட்டு நின்றார் என்று, பார்த்துக்கொண்டிருந்த எடைக்காரர் எனக்கு அப்புறம் சொன்னார். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தத் தாளில் இருந்தது பொய்தான். அதன் அடியில் இருந்தது அவர் பெயர்.

என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. எங்கள் ஆபீஸ் இயந்திரத்தில் 'ஆர்' எழுத்து கொஞ்சம் மேலே ஏறி விழும். அவருக்கு அது தெரியும்.

அன்று மத்தியானமே திண்டிவனம் பஸ்ஸில் வந்துவிட்டார். ஆபீசில் நான் மட்டும் இருந்தேன். சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். ஒரு கண் முழுக்க மூடி, உதடு கிழிந்து, வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"என் பேப்பர் எங்க சார்?"

மேஜை அறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என் சாப்பாட்டு டப்பாவை மூடி ஜன்னல் மேல் வைத்தார். தட்டெழுத்து இயந்திரத்தை மேஜையின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார். பிறகு என்னைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி அறைந்தார். நான்கு அறை. மூன்றாவது அறையில் இடது காதுக்குள் ஏதோ கிழிந்தது. நான்காவதில் சுவரில் போய் விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம்.

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்து, ஓரம் மடித்து, எழுதினார். இன்னாரை, இன்ன இடத்தில், திறந்த கையால் நான்கு முறை அறைந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"டேசனுக்குப் போறதா இருந்தா இதைக் குடுங்க. காரணம் எழுதல. அதை நீங்க எழுதிக்கோங்க."

நான் போகவில்லை. காரணம் எழுதவேண்டுமே. வீட்டில் மனைவி கேட்டதற்கு, கூட்ஸ் ஷெட் மேடையிலிருந்து வழுக்கி விழுந்தேன் என்றேன். இடது காது அதோடு சரி.

ஒன்றரை வருடம் அவரைப் பற்றித் தகவல் இல்லை. பிறகு ஒரு நாள் திண்டிவனத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த ஒரு பாய் என்னைத் தேடிக்கொண்டு மில்லுக்கு வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். அந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"கிடங்குக்கு ஒரு குமாஸ்தா வேணும்னு சொல்லி வச்சிருந்தேன். இந்தப் பேப்பர் வந்துது. இத்தினி வருசத்துல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லீங்க. பேஜாரா இருக்குது. நீங்களே படிங்க."

சிறை இருந்தது. நானூறு மனு இருந்தது. எங்கள் டிப்போவில் நான்கு மாதம் இருந்தது. அதற்குக் கீழே, 'மனுவில் பொய் இருந்ததால் நீக்கப்பட்டேன். அந்தப் பொய்யை எழுதியது நான் இல்லை.' கடைசியில், 'என்னைப் பற்றி விசாரிக்க' என்று போட்டு, என் பெயரும் மில் விலாசமும். பக்கத்தில், 'இவரை நான் நான்கு முறை அறைந்திருக்கிறேன்.'

"நாலு அறையா?" என்று கேட்டார் பாய்.

"நாலுதான்."

"ஏன் அடிச்சாரு?"

அந்தப் பொய்யை எழுதியது நான்தான் என்றேன். அதை ஒருவரிடம் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.  பாய் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"திருடுவாரா?"

"மாட்டார்."

"மறுபடி யாரையாவது அடிப்பாரா?"

"அடிக்கலாம். அடிச்சா அவரே வந்து உங்ககிட்ட சொல்லுவார்."

"இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. ஜல்தியா வேணாம், யோசிச்சு எழுதுங்க" என்றார்.

அந்த ஒரு தாளை எழுத எனக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. மனுவை மாற்றித் தட்டியது, கையெழுத்தைப் போட்டது, அவர் அடிவாங்கி நின்றது எல்லாம் எழுதினேன். இவர் கோபக்காரர், ஆனால் பொய் சொல்லாதவர் என்று முடித்தேன். அதன் நகல் ஒன்றை மறுநாள் எங்கள் மேனேஜரிடமும் கொடுத்தேன். அந்த மாதத்தோடு எனக்கு அந்த மில்லில் வேலை போயிற்று. பாய் அவரை எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் பிறகு திண்டிவனத்தில் ஒரு நெல் மண்டியில் சேர்ந்தேன். ஒரே ஊர்தான், ஆனால் அவர் இருந்த தெருப்பக்கம் போவதில்லை. அறுபதுகளின் கடைசியில், ஒரு பகல், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஏதோ பேசுகிற மாதிரித் தெரிந்து திரும்பினேன். அவர்தான். கிருதா அதற்குள் நரைத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிய விதத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, எழுந்து சுற்றிவந்து என் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"இடது காதா?"

"ஆமா. கேக்கறதில்ல."

"மூணாவது அறை" என்றார்.

"நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். அவரை நான் 'நீங்க' என்றது அன்றைக்குத்தான்.

"இருக்கேன். பாய் நீங்க எழுதின பேப்பரை எனக்குக் காட்டினாரு. ஓரமெல்லாம் சரியா விட்டிருந்தீங்க. நடந்ததையும் நடந்த மாதிரியே எழுதியிருந்தீங்க. ஒரு வார்த்தை மட்டும் தப்பு."

"எது?"

"கோவக்காரர்னு போட்டிருக்கீங்க." கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு, சாவதானமாகச் சொன்னார். "நான் யாரையும் கோவத்துல அடிச்சதில்ல சார்."

திண்டிவனம் பஸ் வந்து நின்றது. அவர் எழுந்து போய் ஏறிக்கொண்டார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வரவில்லையா என்பதுபோல என்னைப் பார்த்தார். நானும் திண்டிவனத்துக்குத்தான் போகவேண்டும். பஸ்ஸில் இடமும் இருந்தது. அடுத்ததில் வருகிறேன் என்று கையைக் காட்டினேன்.